பயிற்றுநருக்கு ஒரு நீதி, காவலருக்கு ஒரு நீதியா?

பொறுப்பு என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஒருவர் பதவியில் அமர்ந்தால் பொறுப்பேற்றார் என்கிறோம். அந்நாளில் மாலையிட்டு, வாழ்த்துரை வழங்கி, பொறுப்பேற்பு விழா எடுக்கிறோம். ஆனால் அவர் பதவியில் இருந்த காலத்தில் நேர்ந்த தீங்கிற்கு அவர் பொறுப்பேற்றாரா என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே மிக அருகியே காணப்படுகிறது. பதவியை ஏற்பதற்கும் பதவியின் விளைவுகளை ஏற்பதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு பெரியது என்பதை அறிய நூலகத்திற்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. ஒரு கால்பந்து மைதானத்தை உற்று நோக்கினாலே போதும்.

அம்மைதானத்தில் பொறுப்பு வகிப்போர் இரு சாரார். கோட்டின் ஓரத்தில் நின்று அணியை நடத்துபவர் பயிற்றுநர். சுற்றிலும் நின்று மக்கள் கூட்டத்தைக் காப்பவர் காவல்துறையினர். பதினொருவர் ஆட்டத்திற்கு முன்னவர் பொறுப்பு. பல்லாயிரம் உயிர்களுக்குப் பின்னவர் பொறுப்பு. இவ்விருவருள் தவறினால் உடனே கணக்குக் காட்ட வேண்டியவர் யார், ஆண்டுக்கணக்கில் காட்டாமலே இருந்துவிட முடிந்தவர் யார் என்பதைக் கால்பந்தை விரும்பும் நாம் ஆராய்ந்து பார்ப்பது தகும். ஆட்டத்தைக் கண்டு கைதட்டுவதோடு சுவைஞரின் கடமை முடிந்துவிடுவதில்லை.

தோல்விக்கு உடனடித் தண்டனை

முதலில் பயிற்றுநரின் நிலையைக் காண்போம். 2014ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், பிரேசில் நாட்டு மண்ணில் நடைபெற்ற உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் அணி ஜெர்மனியிடம் 1-7 என்ற கணக்கில் தோற்றது. பிரேசிலின் பயிற்றுநர் லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கோலாரி அன்றிரவே செய்தியாளர் முன் அமர்ந்து, தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். ஒரு வாரத்திற்குள் அவர் பதவி முடிந்தது. 2002ஆம் ஆண்டு அதே நாட்டிற்கு உலகக் கோப்பையை வென்று தந்தவர் அவரே. அப்பழைய வெற்றி அவரைக் காப்பாற்றவில்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி என்னும் எளிய அணியை 2016ஆம் ஆண்டு நாட்டின் முதல்நிலைச் சாம்பியனாக உயர்த்தி உலகையே வியக்க வைத்தவர் இத்தாலியரான கிளாடியோ ரனியேரி. ஒன்பது மாதங்கள் கழிந்தன. 2017 பிப்ரவரியில் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். இன்னும் பின்னோக்கினால், 1974ஆம் ஆண்டு லீட்ஸ் யுனைடெட் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்ற பிரையன் கிளஃப் 44 நாள்களில் வெளியேற்றப்பட்டார். பின்னாளில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை 1979, 1980 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வெல்லச் செய்தவரும் இவரேயாவார். 44 நாள்களில் ஒருவர் திறத்தை அளந்துவிடலாம் என்று எண்ணியோர் எவ்வளவு பிழைபட எண்ணினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இம்முறையை நாம் முற்றிலும் நியாயமென்று கொள்ளவில்லை. ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கியும் விற்றும் அணியைச் சிதைத்த உரிமையாளர் தம் இருக்கையில் அசையாது அமர்ந்திருக்க, கிடைத்தவர்களைக் கொண்டு ஆடிய பயிற்றுநர் மட்டும் வீட்டிற்கு அனுப்பப்படுவது பல இடங்களில் காணும் காட்சியே. தோல்வியுற்ற மறுநாளே பயிற்றுநரின் தலையைக் கேட்டுக் கூச்சலிடும் சுவைஞர் கூட்டமும் இவ்வநீதியில் பங்கு கொள்கிறது. ஒருவரைப் பலியிட்டுவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று கலைவது பொறுப்பாகாது.

ஆயினும் இம்முறையில் ஒரு நன்மை உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஆட்டம் முடிந்த அரைமணி நேரத்திற்குள் பயிற்றுநர் மக்கள் முன் வந்தாக வேண்டும். ஏன் இவரை ஆடவிட்டீர், ஏன் அவரை அமர்த்தினீர், ஏன் தற்காப்பைத் தளர்த்தினீர் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். அவர் சொல்லும் விடை பொருந்தாததாக இருக்கலாம். சினம் மிக்கதாக இருக்கலாம். ஆனால் கேட்கும் உரிமை பிறர்க்கும், சொல்லும் கடமை அவர்க்கும் உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரு பந்து கோட்டைக் கடந்ததற்கே இத்துணை விசாரணை!

ஹில்ஸ்பரோ: உயிர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?

இனி மறுபக்கம் நோக்குவோம். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம் நடைபெறவிருந்தது. லிவர்பூல் சுவைஞர்களுக்கு ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பகுதியில், நின்று காணும் மேடைக்குச் செல்ல வேண்டியவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கென இருந்த சுழல் வாயில்கள் ஏழே ஏழு. வெளியே நெரிசல் முற்றியது. பிற்பகல் 2.52 மணிக்கு, காவல்துறைப் பொறுப்பாளரான தலைமைக் கண்காணிப்பாளர் டேவிட் டக்கன்ஃபீல்டு, வெளியேறும் வாயில் ஒன்றைத் திறக்க ஆணையிட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அவ்வழியே உள்ளே நுழைந்தனர்.

உள்ளே நுழைந்தவர்களுக்கு நேர் எதிரே தெரிந்தது ஒரு சுரங்கவழி. அது கம்பி வேலியிட்ட நடு அடைப்புகள் இரண்டிற்குச் செல்வது. அவ்வடைப்புகள் முன்னரே நிறைந்திருந்தன. பக்கத்து அடைப்புகளிலோ இடம் இருந்தது. சுரங்கவழியை மூடி, மக்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட ஒரு காவலரேனும் நிறுத்தப்படவில்லை. முன்னால் நின்றவர்கள் வேலியோடு நசுங்கினர். ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது, 3.06 மணிக்கு நிறுத்தப்பட்டது. 94 பேர் அன்றே மாண்டனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து உயிரிழந்தோர் 97 பேர். அவர்களுள் பத்து வயதுச் சிறுவனும் ஒருவன். மகளிர் ஆட்டம் காணச் சென்று பிணமாக மீண்ட இல்லங்களும் உண்டு.

இதுவரை நேர்ந்ததைத் திறமைக் குறைவு என்று சொல்லி ஒருவாறு பொறுத்துக்கொள்ள முயலலாம். அப்பொறுப்பாளர் அப்பதவிக்கு வந்து மூன்று வாரங்கள்கூட நிறையவில்லை. இத்தகைய பெருங்கூட்டத்தை நடத்திய பழக்கமும் அவருக்கு இல்லை. அவ்வாறாயின் அவரை அங்கே அமர்த்தியவர் யார் என்னும் கேள்வி எழுமேயன்றி, குற்றம் கரைந்துவிடாது. ஆனால் அதன் பின்னர் நிகழ்ந்ததற்குத் திறமைக் குறைவு என்று பெயரில்லை. கூட்டத்தினரே வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தனர் என்று கால்பந்துச் சங்க அலுவலரிடம் அப்பொறுப்பாளர் கூறினார். அது பொய். தாம் கூறியது பொய்யென அவரே விசாரணையில் ஒப்புக்கொண்டது 2015ஆம் ஆண்டில். வாயிலைத் திறக்க ஆணையிட்ட வாயே வாயிலை உடைத்தனர் என்று சொல்லிற்று; அச்சொல் திரும்பப் பெறப்பட 26 ஆண்டுகள் கழிந்தன.

பொய்க்குக் கால்கள் விரைவில் முளைக்கும். மாண்டவர்களின் உடல்களிலிருந்து, சிறுவர் உட்பட, மது அருந்தினரா என்றறியக் குருதி எடுத்துச் சோதித்தனர். நான்கு நாள்களில் 'த சன்' நாளேடு, சுவைஞர்கள் இறந்தோரின் பைகளில் திருடினர் என்றும் காவலரைத் தாக்கினர் என்றும் 'உண்மை' என்னும் தலைப்பிட்டு முதல் பக்கத்தில் எழுதிற்று. அன்று முதல் லிவர்பூல் வட்டாரத்து மக்கள் அவ்வேட்டைப் புறக்கணித்தனர். 2012இல் அவ்வேடு மன்னிப்புக் கேட்ட பின்னரும் அப்புறக்கணிப்புத் தீரவில்லை. கைப்பொருளை இழந்தவன் அதைத் தேடிக்கொள்வான். மகனையும் இழந்து மகனின் மானத்தையும் இழந்த தாய் என் செய்வாள்?

விலகியவர் யார், நிலைத்தவர் யார்?

இவ்விடத்தில் பயிற்றுநரையும் காவலரையும் ஒருங்கே வைத்துக் காண்பது நம் கருத்துக்குத் துணை செய்யும். லிவர்பூல் அணியின் மேலாளராக அந்நாளில் இருந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கென்னி டால்கிலிஷ். நெரிசலுக்கும் அவருக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ஆயினும் அவர் மாண்டவர்களின் இல்லங்களோடு நின்றார். இறுதிச் சடங்குகள் பலவற்றில் கலந்துகொண்டார். ஒரே நாளில் நான்கில் கலந்துகொண்டதும் உண்டு. அத்துயரச் சுமை அவர் உள்ளத்தையும் உடலையும் வாட்டியது. 1991 பிப்ரவரி 22ஆம் நாள், தம் அணி நாட்டின் அட்டவணையில் முதலிடத்தில் இருக்கும்போதே, அவர் பதவியை விட்டு விலகினார்.

ஐந்து வாரங்கள் சென்றன. 1991 மார்ச் 28ஆம் நாள், மரண விசாரணை மன்றம் தன் முடிவை அறிவித்தது: விபத்து மரணம். எவர்மீதும் குற்றமில்லை. அவ்விசாரணையில், அன்று பிற்பகல் 3.15 மணிக்குப் பின் நிகழ்ந்தவற்றை ஆராய்வதில்லை என்று விசாரணை அதிகாரி வரம்பிட்டிருந்தார். அந்நேரத்திற்குள் அனைவரும் பிழைக்க இயலாத நிலையை எய்திவிட்டனர் என்பது அவர் கூற்று. இதனால் மருத்துவ உதவி ஏன் வரவில்லை என்னும் கேள்வியே எழுப்பப்படாமற் போயிற்று. அதே ஆண்டு இறுதியில் காவல் பொறுப்பாளர் உடல்நலக் காரணம் காட்டி ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்மீது துறை ஒழுங்கு நடவடிக்கை செல்லாது என்று அதுவும் கைவிடப்பட்டது.

குற்றமற்ற பயிற்றுநர் துயரம் தாங்காது பதவியைத் துறந்தார். பொறுப்பு வகித்த அதிகாரி ஓய்வூதியத்தோடு விடைபெற்றார். இவ்விரண்டு விலகல்களும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. ஒன்று மனச்சான்றின் பாரத்தால் நிகழ்ந்தது. மற்றொன்று விசாரணைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பொறுப்பு என்னும் சொல்லுக்கு எது பொருள், எது போலி என்பதை மாணவர்களுக்கு விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கண்ணகியின் கேள்வி

தமிழ் பயின்ற நமக்கு இவ்வரலாற்றைக் காணும்போது சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. பொற்கொல்லன் ஒருவன் சொன்ன பொய்யை ஆராயாமல் பாண்டியன் ஆணையிட்டான். காவலர் கோவலனை வெட்டி வீழ்த்தினர். கொல்லப்பட்டதோடு அவன் கள்வன் என்னும் பழியையும் சுமந்தான். கண்ணகி அரசவைக்கு வந்து கேட்டது உயிர்ப்பிச்சை அன்று, இழப்பீடும் அன்று. தன் கணவன் கள்வன் அல்லன் என்று அவையறிய நிறுவுவதே அவள் வேண்டியது. சிலம்பு உடைந்தது, உள்ளிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். தவறுணர்ந்த அக்கணமே மன்னன் அரியணையில் வீழ்ந்து மாண்டான்.

ஹில்ஸ்பரோவின் அன்னையரும் இதையே கேட்டனர். பதினைந்து வயது மகன் கெவினை இழந்த ஆன் வில்லியம்ஸ் என்னும் அம்மையார், 3.15 மணிக்குப் பின்னும் தம் மகன் உயிரோடிருந்தான் என்பதற்குச் சான்றுகளைத் தேடித் திரட்டினார். நீதிமன்றக் கதவுகளைத் தட்டித் தட்டித் திருப்பி அனுப்பப்பட்டார். 2012 டிசம்பரில் பழைய தீர்ப்பை உயர்நீதிமன்றம் நீக்கியபோது அவர் நோயுற்றிருந்தார். புதிய விசாரணை தொடங்கும் முன்பே 2013 ஏப்ரலில் மறைந்தார். பாண்டியன் அவையில் கண்ணகிக்கு ஒரே நாளில் கிடைத்த நீதி, மக்களாட்சி நாடொன்றில் இவ்வம்மையாரின் வாழ்நாளில் முழுமையாகக் கிடைக்கவில்லை.

அப்பழைய தீர்ப்பு நீங்கியதும் எளிதில் நிகழ்ந்ததன்று. நீதிபதி டெய்லர் தம் இடைக்கால அறிக்கையில், பேரிடருக்குத் தலையாய காரணம் காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவறே என்று 1989 ஆகஸ்டிலேயே எழுதிவிட்டார். மூன்றரைத் திங்களில் வெளிவந்த அவ்வுண்மை சட்டத்தின் வாயில் ஏற 27 ஆண்டுகள் பிடித்தன. லிவர்பூல் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான தனிக்குழு 2012 செப்டம்பர் 12ஆம் நாள் அளித்த அறிக்கை இடைநின்ற திரையை விலக்கிற்று. காவலர் எழுதித் தந்த வாக்குமூலங்களுள் 164 திருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் 116இல் காவல்துறைக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன அல்லது மாற்றப்பட்டிருந்தன. மாண்டோருள் 41 பேர் உரிய உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்றும் அக்குழு கண்டது. 2016 ஏப்ரல் 26ஆம் நாள், புதிய விசாரணையின் ஜூரிகள், மாண்டோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், சுவைஞர்கள்மீது பழி ஏதுமில்லை என்றும் முடிவுரைத்தனர்.

அதன் பின்னர் நிகழ்ந்தது யாது? டக்கன்ஃபீல்டுமீது தொடரப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் ஜூரிகளால் முடிவெடுக்க இயலவில்லை. மறுவிசாரணையில் அதே ஆண்டு நவம்பரில் அவர் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார். வாக்குமூலங்களைத் திருத்தியதாகச் சொல்லப்பட்ட வழக்கு 2021 மே மாதம் சரிந்தது. அவ்வாக்குமூலங்கள் டெய்லர் விசாரணைக்கென அளிக்கப்பட்டவை. அது நீதிமன்ற நடவடிக்கை அன்று. ஆகவே நீதியின் போக்கைத் திரித்த குற்றம் ஆகாது என்பது காரணம். 97 பேர் மாண்ட நிகழ்வில் தண்டனை பெற்றவர், மைதானத்தின் பாதுகாப்பில் தவறிய குற்றத்திற்காக 6,500 பவுன் அபராதம் செலுத்திய கழகச் செயலாளர் ஒருவரே. நீதிமன்றங்களின் தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஒரு தனிமனிதர் சிறை செல்ல வேண்டும் என்பது நம் வேட்கையும் அன்று. ஆனால் கொல்லப்பட்டோர் உண்டு, கொன்றவர் எவருமில்லை என்னும் முடிவை எந்த இலக்கணத்தில் அடக்குவது? செயப்படுபொருள் இருக்கிறது, எழுவாய் இல்லை!

பழைய கதையா?

இஃது அந்நாளைய கதை, இன்று உலகம் திருந்திவிட்டது என்று சிலர் கூறலாம். 2022ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் பாரிஸ் நகரை ஒட்டிய மைதானத்தில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை இறுதியாட்டம். ஆடியவை அதே லிவர்பூல் அணியும் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணியும். வாயில்களில் மக்கள் நெருக்கப்பட்டனர். சிறுவர்களும் முதியோரும் நின்ற இடத்தில் கண்ணீர்ப்புகையும் மிளகுத்தூளும் பீய்ச்சப்பட்டன. ஆட்டம் 36 நிமிடங்கள் தாமதமாயிற்று. மைதானத்துப் பலகையில் தோன்றிய காரணம், சுவைஞர்கள் தாமதமாக வந்தனர் என்பது. முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் போலிச் சீட்டுடனோ சீட்டின்றியோ வந்தனர் என்று பிரான்சின் உள்துறை அமைச்சர் கூறினார். வாயில்களில் கண்டறியப்பட்ட போலிச் சீட்டுகளோ மூவாயிரத்தையும் எட்டவில்லை. 2023 பிப்ரவரியில் வெளிவந்த தனி ஆய்வுக்குழுவின் அறிக்கை, தலையாய பொறுப்பு ஆட்டத்தை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தினுடையதே என்றது. காவல்துறையின் போக்கையும் கண்டித்தது. 33 ஆண்டுகள் கழிந்தும் அதிகாரம் முதலில் எடுத்த கருவி அதே பழைய பொய்தான்.

அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், இந்தோனேசியாவின் மலாங் வட்டாரத்திலுள்ள கஞ்சுருகான் மைதானத்தில் அரேமா அணி, தன் பரம்பரைப் போட்டியாளரான பெர்செபயா அணியிடம் 2-3 எனத் தோற்றது. தோல்வியால் மனம் நொந்த சுவைஞர் பலர் களத்தில் இறங்கினர். இறங்கியது தவறே. அதற்குக் காவலர் அளித்த விடை, பெண்டிரும் பிள்ளைகளும் அமர்ந்திருந்த மேடைகளை நோக்கியும் வீசிய கண்ணீர்ப்புகைக் குண்டுகள். மைதானங்களில் இத்தகைய புகையைப் பயன்படுத்தலாகாது என்பது உலகக் கால்பந்துச் சங்கத்தின் பாதுகாப்பு விதி. மூச்சுத் திணறி ஓடியோர் குறுகிய வாயில்களில் சிக்கினர். 135 பேர் மாண்டனர். அரசு அமைத்த உண்மையறியும் குழு, புகைக்குண்டுகளே உயிரிழப்புக்குக் காரணம் என்று கண்டது. ஆயினும் 2023 மார்ச்சில் சுரபயா நீதிமன்றம் மூன்று காவல் அதிகாரிகளுள் இருவரை விடுதலை செய்தது. புகையைக் காற்று வேறு திசையில் கொண்டு சென்றது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கிச் சிறைத்தண்டனை விதித்தது என்பது ஓரளவு ஆறுதல்.

மறுப்புகளும் விடைகளும்

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் எண்ணிப் பார்ப்பதே முறை. சுவைஞர்கள் அனைவரும் நல்லவர்களா என்பது முதல் கேள்வி. அல்லர். 1985 மே 29ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹைசல் மைதானத்தில் லிவர்பூல் சுவைஞர் சிலரின் வன்முறையால் சுவர் சரிந்து 39 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இத்தாலியர். அதற்காக 14 சுவைஞர்கள் பெல்ஜிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர். இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன, லிவர்பூலுக்கு ஆறாண்டுகள். அது நியாயம். குற்றம் செய்த சுவைஞரைச் சட்டம் நான்கே ஆண்டுகளில் தேடிப் பிடித்தது. அதே சட்டத்தின் கைகள், சீருடை அணிந்தோரிடம் வரும்போது மட்டும் ஏன் தளர்கின்றன என்பதே நம் வினா.

விளையாட்டோடு காவல்பணியை ஒப்பிடலாமா, நொடிப்பொழுதில் முடிவெடுப்போரை ஆற அமர அமர்ந்து குறை கூறலாமா என்பது இரண்டாவது. காவல்பணியின் கடுமையை நாம் அறியாதவரல்லர். வெயிலிலும் மழையிலும் நின்று நம்மைக் காக்கும் எளிய காவலரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. ஹில்ஸ்பரோவில் விழுந்து கிடந்தோரைத் தூக்கிச் சுமந்த காவலரும் இருந்தனர். உண்மையை எழுதித் தந்து, அது மேலிடத்தில் திருத்தப்பட்டதைக் கண்டு வருந்தியோரும் அவர்களுள் உண்டு. நொடியில் செய்த பிழையை மன்னிக்கலாம். ஆனால் பொய் நொடியில் முடிவதன்று. அது நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாமல் விட்ட 26 ஆண்டுகளை நொடிப்பொழுதுத் தவறு என்று எவரும் சொல்லார். மேலும், பந்தை இழந்தவரிடமே கணக்குக் கேட்கும் உலகம், உயிர்களை இழக்கச் செய்தவரிடம் அதனினும் பன்மடங்கு கேட்க வேண்டுமேயன்றிக் குறைத்தல் ஆகாது.

செய்யத் தக்கன

ஆதலின் நாம் வற்புறுத்துவன நான்கு. ஒன்று, காவல்துறையின் தவறைக் காவல்துறையே விசாரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆட்டக்காரரே நடுவராக ஊதல் ஊத எந்த விளையாட்டும் இடம் தருவதில்லை. இரண்டு, ஓய்வு பெறுதல் விசாரணையிலிருந்து தப்பும் வாயிலாக இருத்தல் கூடாது. மூன்று, உண்மையை உரைப்பது பொது ஊழியரின் சட்டக் கடமையாக வேண்டும். மக்களை ஏமாற்றுவது குற்றமாக வேண்டும். நான்கு, உயிரிழந்தோரின் குடும்பத்தினர்க்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் துணை வேண்டும். ஹில்ஸ்பரோவின் முதல் விசாரணையில் காவல்துறை மக்கள் வரிப்பணத்தில் வழக்காடியது. நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களோ தம் பணத்தைத் திரட்டி ஒரே ஒரு வழக்கறிஞரை அமர்த்தின. இவற்றுள் பின்னிரண்டையும் உள்ளடக்கிய சட்ட முன்வரைவு, ஹில்ஸ்பரோவின் பெயராலேயே மக்கள் வழங்குவது, 2025 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அது 36 ஆண்டுகள் அன்னையரும் தந்தையரும் நடந்த நடையின் பயன்.

பயிற்றுநர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்களிடம் விளக்கம் கேட்போம். ஆனால் விளக்கத்தைக் கேட்பதற்கு முன்பே தண்டனை வழங்கும் பழக்கத்தை விடுவோம். விளக்கம் பெறுதல், உண்மை அறிதல், தவறுக்குத் தக்க விளைவு விதித்தல் என்னும் மூன்றும் முறையே அமைவதே பொறுப்பு. பயிற்றுநருக்கு மூன்றாவது மட்டும் மிகுந்து வருகிறது. காவல் அதிகாரிக்கு மூன்றுமே வருவதில்லை. இரண்டும் கோணலே.

இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியரே! நாளை உங்களுள் சிலர் காவல் அதிகாரிகளாவீர்; சிலர் பயிற்றுநராவீர்; சிலர் ஆசிரியராகவும் ஆட்சியாளராகவும் அமர்வீர். உங்கள் ஆணையால் ஒரு வாயில் திறக்கப்படும் நாள் வரும். அது பிழையாகவும் போகலாம். மனிதர் செயலில் பிழை நேர்வது இயல்பு. அவ்வேளையில், வாயிலை யார் திறந்தது என்று எவரேனும் கேட்டால், நான்தான் என்று சொல்லும் துணிவு உங்கள் நாவில் இருத்தல் வேண்டும். செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தோர்க்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வேறு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பெரியோரே, ஆசிரியப் பெருமக்களே! மதிப்பெண் கேட்கும் முன் உண்மை கேட்கும் பழக்கத்தை இவ்விளையோரிடம் வளர்ப்பது நம் அனைவரின் கடமையாகும்.